கேசட்ட பென்டிரைவ்ல ஏத்தித் தர்ற கடை: வேலை சுத்தம், ஆனா கேட்டு வாங்கணும்

பரண் மேல அட்டைப்பெட்டி நெறைய கேசட் வச்சுக்கிட்டு, தூக்கிப் போடவும் மனசில்லாம போட்டுக் கேக்க டெக்கும் இல்லாம இருக்கவுங்க மதுரைல நெறைய பேரு இருப்பீங்க, உங்களுக்குத்தான் இது. நேதாஜி ரோட்ல இருந்து உள்ள பிரியுற ஒரு சந்துல ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் பண்ற கடை. இந்த வேலைக்குனு போர்டெல்லாம் கெடையாது, முன்னாடி செல்போன் கவராத்தான் தொங்கும், உள்ள போயி "அண்ணே, கேசட் மாத்தணும்"னு கேட்டாத்தான் உண்டு. கடைக்காரரு ஒரு காலத்துல, நாம கேக்குற பாட்ட கேசட்ல பதிஞ்சு குடுக்குற ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தவரு. கேசட்டுக்கு 150 ரூபா. 60 நிமிஷ கேசட்டுனா ஒரு மணி நேரம் ஓடித்தான் தீரணும், அதனால ஒரு பை நெறைய குடுத்துட்டு சாயங்காலமே போயி நிக்காதீங்க, கடுப்பாயிருவாரு.

வேலைய பத்தி கொறையே சொல்ல முடியாது. மொதல்ல டேப்ல வெள்ளையா பூஞ்சை படிஞ்சிருக்கானு வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறாரு, இருந்தா தொடைக்காம டெக்ல போட மாட்டாரு, ஏன்னா அந்தப் பூஞ்சை, டேப்ப உரசிப் பாட்டப் படிக்கிற ஹெட்ல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போயிரும். உள்ள டேப்ப ஹெட்டோட அழுத்திப் பிடிக்கிற குட்டி பஞ்சு விழுந்திருந்தா வேற ஒடஞ்ச கேசட்ல இருந்து எடுத்து வச்சிடுறாரு. அப்புறம் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஸ்குரூவத் திருகி ஹெட் அலைன்மென்ட் பாக்குறாரு பாருங்க, அதுக்கே காசு குடுக்கலாம். ரெக்கார்டு பண்ண மெசின்ல ஹெட்டு எந்த சாய்வுல இருந்துச்சோ அதுக்கு ஒத்து வரலனா சலங்கை, ஜால்ரா சத்தமெல்லாம் போர்வைய போத்திக்கிட்டு வாசிச்ச மாதிரிதான் கேக்கும்.

ஆனா நீங்க ஒண்ணுஞ் சொல்லாம குடுத்தீங்கனா என்ன வரும்னா, பாட்டு பாட்டா வெட்டி, இரைச்சல ஃபில்டர் போட்டு எடுத்து, 128 கேபிபிஎஸ் எம்பி3ல (சைஸ சுருக்குன ஃபைலு), 'பாட்டு 1' 'பாட்டு 2'னு பேர் வச்சு பென்டிரைவ்ல குடுத்துருவாரு. எல்லாரும் அப்பிடித்தான் கேக்குறாங்களாம், கார்ல போடணுமாம். எனக்கு அங்கதான் வயித்தெரிச்சல்.

நம்ம ஊர்ப் பக்கம் சினிமா கேசட் எப்பிடி வந்துச்சுனு ஞாபகம் இருக்கா, ஒரு படத்துக்கு அஞ்சாறு பாட்டு, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம், அதனால பெரும்பாலும் ஏ சைடு ஒரு படம் பி சைடு இன்னொரு படம். அந்த ரெண்டு படத்துக்கும் ஒட்டும் இருக்காது ஒறவும் இருக்காது, கம்பெனிக்காரன் சேத்து வச்சதுதான், ஆனா எங்க வீட்ல அது ரெண்டும் அண்ணன் தம்பி. ஒண்ணோட கடைசிப் பாட்டு முடிஞ்சு டக்குனு பட்டன் எந்திரிச்சா கை தானா கேசட்ட திருப்பும். பிடிக்காத பாட்டையும் கேட்டுத்தான் ஆகணும், ஓட்டிவிட்டா டேப் சிக்கிக்கும்னு அப்பா விட மாட்டாரு, அப்பிடிக் கேட்டுக் கேட்டு பிடிச்சுப்போன பாட்டுதான் இன்னிக்கும் எனக்கு உசுரு. இப்ப போன்ல பாட்டு கேக்குற ஆப்புல நான் ஒரு புதுப் பாட்டுக்கு முப்பது செகண்டு கூட குடுக்குறதில்ல.

ரெக்கார்டிங் சென்டர் கேசட் இன்னும் ஒரு படி மேல. பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து, அவரு நம்ம லிஸ்ட்ல ரெண்ட ஒதுக்கிட்டு "இது நல்லாருக்கும் கேளுங்க"னு தானா ஒண்ணு சேத்து, கடைசிப் பாட்டு சரணத்துலயே டேப் தீந்துபோயி அறுந்து நிக்கும். அந்தப் பாட்ட இன்னிக்கு எங்க கேட்டாலும் அந்த எடத்துல நிக்கப் போகுதுனு மனசு காத்துக்கிட்டு இருக்கு. இதையெல்லாம் வெட்டி 'பாட்டு 7'னு வச்சா அது யாரு வீட்டுப் பாட்டோ ஆயிருது.

கேசட் டப்பாக்குள்ள வர்ற அட்டைய பத்தியும் சொல்லணும். அதுல இசை யாரு, எழுதுனது யாரு, பாடுனது யாருனு பாட்டுக்குப் பாட்டு போட்டிருக்கும், வாலி எது கங்கை அமரன் எதுனு நான் படிச்சது அங்கதான். இப்ப ஆப்புல பாத்தா எல்லாப் பேரையும் ஒரே வரில கமா போட்டு அடுக்கி வச்சிருக்கான், பாட்டு எழுதுனவரத் தேட ரெண்டு மூணு எடத்துல தட்டணும், சில பாட்டுக்கு தட்டுனாலும் இல்ல. டி.எம்.எஸ் பொறந்த ஊர்ல ஒக்காந்துக்கிட்டு ஒரு பாட்ட அவரு பாடுனதா இல்லையானு சந்தேகப்பட வேண்டியிருக்கு, கொடுமை! அதுலயும் உரிமை ஒப்பந்தம் முடிஞ்சா ராத்திரியோட ராத்திரியா பாட்டே லிஸ்ட்ல இருந்து போயிரும். கேசட்ட எரவல் வாங்கிட்டுப் போன பயலாச்சும் அடுத்த தெருவுலதான் இருப்பான், போயி சண்ட போடலாம்.

ஆப்பே வேணாம்னு சொல்லல, பஸ்ல நானும் அதுலதான் கேக்குறேன்.

சரி, கடைக்குப் போனா இப்பிடிக் கேளுங்க. ஒரு சைடு ஒரே ஃபைலா வேணும், வெட்ட வேணாம். ஃபில்டர் போட வேணாம், இரைச்சலோட சேந்து தவில் நாதமும் கொஞ்சம் போயிருது. எம்பி3 வேணாம், சுருக்காத வேவ் ஃபைலா குடுங்கனு சொல்லுங்க, 60 நிமிஷத்துக்கு 635 எம்பி கிட்ட வரும், 32 ஜிபி பென்டிரைவ்ல அம்பது கேசட் அடங்கும், அப்புறம் வேணுங்கிறப்ப நீங்களே வெட்டிக்கலாம். அட்டைய ரெண்டு பக்கமும் வீட்லயே போட்டோ எடுத்து அதே ஃபோல்டர்ல போட்டுருங்க, அத அவரு செய்ய மாட்டாரு. முக்கியமா கேசட்ட திருப்பி வாங்கிட்டு வாங்க, நெறைய பேரு "நீங்களே வச்சுக்கங்க"னு விட்டுட்டுப் போயிடுறாங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், நாம கேக்காமலே ஒரு சைட முழுசா குடுத்தா அஞ்சு. ஞாயித்துக்கெழம லீவு. சித்திரைத் திருவிழா சமயத்துல போயிறாதீங்க, தேர் ஓடுற அன்னிக்கு மாசி வீதி தாண்டி உள்ள நொழையவே முடியாது, அவரும் மைக் செட் வேலைல பிஸியாயிருவாரு.