தெரியாத கடைக்கு எதில் பணம் கட்டுவது? கிரெடிட் கார்டு, யுபிஐ, கேஷ் ஆன் டெலிவரி

போன ஆகஸ்டில் முதுகுவலி தாங்காமல் ஒரு நாற்காலி ஆர்டர் போட்டேன். இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் கண்ணில் பட்ட கடை. விலை 8,499 ரூபாய், யுபிஐயில் கட்டினால் 300 ரூபாய் தள்ளுபடி. அந்த 300-ஐ விட்டுவிட்டு கிரெடிட் கார்டில் கட்டினேன். முன்யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். சம்பளம் வர இன்னும் நாலு நாள் இருந்தது, அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. நாற்காலி வரவில்லை. கடையின் நம்பர் இரண்டு நாள் அடித்தது, மூன்றாம் நாளிலிருந்து ஸ்விட்ச் ஆஃப். அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, பெயர் தெரியாத கடை என்றால் கிரெடிட் கார்டு மட்டும்தான் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

கேஷ் ஆன் டெலிவரியை முதலில் முடித்துவிடலாம். பெட்டி வீட்டு வாசலுக்கு வரும்வரை நம் பணம் பத்திரம். ஆனால் பெரும்பாலும் பணத்தைக் கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்க முடியும். அம்மா ஒருமுறை பட்டு என்று நினைத்து வாங்கிய சேலை, பிரித்ததும் பாலியஸ்டர். கொண்டுவந்த பையன் அதற்குள் அடுத்த தெருவில் இருந்தான். ‘திறந்து பார்த்து வாங்கலாம்’ என்ற வசதி இருந்தால் நல்லதுதான், எல்லாக் கடையிலும் எல்லாப் பொருளுக்கும் அது கிடைப்பதில்லை.

யுபிஐயின் வேகத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணம் நடுவழியில் சிக்கினாலும் பயமில்லை. நம் கணக்கில் கழிந்து கடைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லிவிட்டது. பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, பொருள் வராமல் போனால்தான் சிக்கல். தங்கை 1,350 ரூபாய்க்கு ஒரு குர்த்தா செட் வாங்கி ஏமாந்தபோது செயலியிலேயே புகார் போட்டேன். ‘பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துவிட்டது’ என்று பதில் வந்தது. வெற்றி அவனுக்கு. ஆனால் அந்தக் கியூஆர் கோடு கடையின் பெயரில் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. முறையான வியாபாரக் கணக்குக்குக் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று வங்கி வழியாகப் புகார் எழுப்ப யுபிஐயிலும் இடம் இருக்கிறது. நான் அந்த வழியில் போய்ப் பார்த்ததில்லை. ஒரு குர்த்தாவை வைத்து யுபிஐ மொத்தத்தையும் தள்ளிவிடுவது நியாயமாகாது.

சரி, கார்டுக்கு வருவோம். அது வங்கியின் பணம், நம் பணம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் என் கணக்கில் அதைவிடப் பெரிய விஷயம், பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதே.

சார்ஜ்பேக் என்றால், கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி நம் வங்கியிடம் போடும் புகார். அதைப் போட்டதும் நம் வங்கி அதை விசா, மாஸ்டர்கார்டு அல்லது ரூபே வழியாகக் கடைக்காரரின் வங்கிக்கு அனுப்புகிறது. பொருளை அனுப்பினேன் என்று கடைக்காரர் கெடுவுக்குள் ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தொகை அவர் பக்கமிருந்து போய்விடும். கடையையே மூடிவிட்டு ஓடியிருந்தால்? கடை ஓடலாம், அதற்குக் கார்டில் பணம் வாங்கும் வசதி கொடுத்த வங்கி ஓட முடியாது. நஷ்டம் அந்த வங்கியின் தலையில். அதனால் ஆளே காணாமல் போன கடையிடம்தான் சார்ஜ்பேக் சுலபமாக ஜெயிக்கும். பதில் சொல்லத் தெரிந்த மோசடிக்காரனிடம்தான் கஷ்டம். எனக்கு வாய்த்தவன் இரண்டாவது ரகம். என் போனை எடுக்காதவன், வங்கி கேட்டதும் உடனே பதில் அனுப்பிவிட்டான்.

புகார் போட்ட ஒன்பதாம் நாள் 8,499 தற்காலிகமாக வரவு வைக்கப்பட்டது. ஒரு மாதம் கழித்து ஒரு மெயில்: கடைக்காரர் டெலிவரி ஆதாரம் கொடுத்திருக்கிறார், ஏழு நாளில் மறுப்பு வராவிட்டால் தொகை மீண்டும் பற்று வைக்கப்படும். ஆதாரம் என்ன என்று பார்த்தால், கூரியர் ட்ராக்கிங் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட். மதுரை, டெலிவரி ஆனது, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து.

மறுநாள் காலை கூரியர் அலுவலகத்துக்கே போனேன். கவுன்டரில் இருந்தவர் நம்பரைத் தட்டிவிட்டு, “என்ன சார் ஆர்டர் பண்ணீங்க?” என்றார். நாற்காலி என்றேன். ஒன்றும் பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினார். எடை 0.08 கிலோ. முகவரி, இதே ஊரில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு தெரு. “80 கிராம்ல நாற்காலி வருதா சார்?” என்று சிரித்தார். எடையையும் தெருப் பெயரையும் எழுதி, முத்திரை குத்தி ஒரு தாள் கொடுத்தார். அதைப் படம் எடுத்து வங்கிக்கு அனுப்பினேன். மூன்று வாரத்தில் வழக்கு எனக்குச் சாதகமாக முடிந்தது.

புகார் போடும்போது காரணத்தைச் சரியாகச் சொல்வது முக்கியம். வாடிக்கையாளர் சேவையில் முதலில் எடுத்தவர், “ஓடிபி போட்டு நீங்கதானே சார் கட்டியிருக்கீங்க?” என்று அதோடு முடிக்கப் பார்த்தார். பணம் கட்டியது நான்தான், பொருள்தான் வரவில்லை. இதைக் கார்டு மோசடி என்று பதிந்தால் ஓடிபியைக் காட்டியே தள்ளிவிடுவார்கள். ‘பொருள் வரவில்லை’ என்ற காரணத்திலேயே நில்லுங்கள். இன்னொன்று: மோசடி என்று புகார் செய்த தொகைக்குத்தான் விசாரணை முடியும்வரை கட்டணம் விதிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. நம்முடையது அந்த வகை இல்லை என்பதால் ஸ்டேட்மென்ட் தொகையை முழுதாகக் கட்டிவிட்டேன். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேலும் போகிறது. 8,499-க்காக வீம்பு பிடித்தால் நமக்குத்தான் நஷ்டம்.

சார்ஜ்பேக் கேட்பதற்கான கெடு, பொருள் வர வேண்டிய தேதியிலிருந்து பொதுவாக 120 நாள். ‘அடுத்த வாரம் வந்துவிடும் சார்’ என்று இழுக்கிற கடைகள் அந்த நாட்களைத்தான் தின்கின்றன. வங்கி 30 நாளாகியும் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம். எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை.

வந்த பொருள் சொன்னபடி இல்லை என்ற ரகச் சண்டையில் கார்டு இவ்வளவு பலமாக நிற்காது என்று நினைக்கிறேன். முதலில் திருப்பி அனுப்ப முயன்றதைக் காட்ட வேண்டும், அப்புறம் தரம் பற்றிய வாதம் வேறு. டெபிட் கார்டிலும் சார்ஜ்பேக் உண்டு, ஆனால் அது முடியும்வரை முடங்கிக் கிடப்பது நம் சேமிப்புக் கணக்குப் பணம். ரூபே கிரெடிட் கார்டை 2022 முதல் யுபிஐயில் இணைக்கலாம். அடுத்த முறை தள்ளுபடி ஆசை வந்தால் அதில்தான் கட்டிப் பார்க்கப் போகிறேன்.

நாற்காலியைக் கடைசியில் பக்கத்துத் தெரு ஃபர்னிச்சர் கடையில், ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து வாங்கினேன். 6,200 ரூபாய். ஜிபேயில்தான் கட்டினேன்.