ரெண்டு பேட்டரி மாத்தியும் தீராத வியாதி: சிங்காநல்லூர் ஒயரிங் கடை அனுபவம்

எங்கப்பா விட்டுப்போன மாருதி 800, 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. ஆர்.சி. 2027 வரைக்கும் இருக்கிறது. அதுவரை விற்கிற பேச்சே வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். வண்டியின் வியாதி இதுதான்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து நிறுத்தினால், ஞாயிறு காலையில் செல்ஃப் எடுக்காது. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தினமும் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. ரெண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் நின்றால் போச்சு, பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்ல வேண்டும்.

எட்டு மாசம் இப்படி ஓடியது. ஒரு பேட்டரிக் கடையில் "பேட்டரி செத்துருச்சு" என்றார்கள், நாலாயிரம் போனது. மூணே வாரத்தில் பழைய கதை. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், மறுபடி அதே கதை. இன்னொரு இடத்தில் ஸ்டீரியோதான் கரண்ட் குடிக்கிறது என்று அதன் ஒயரைக் கழற்றி விட்டார்கள். நான் பாட்டு இல்லாமல் ஓட்டியதுதான் மிச்சம். யாரிடம் போனாலும் இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைப்பார்கள். 13.9 வோல்ட் காட்டும். "சார்ஜிங் பக்காவா இருக்கு மேடம், டைனமோ ஓகே." (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ணுகிற பாகம். ஆல்டர்னேட்டர் வந்து இத்தனை வருஷமாகியும் எங்கள் ஊரில் அது டைனமோதான்.)

கடைசியில் ஒரு லேத் பட்டறைக்காரர் சொல்லித்தான் கோவையில் சிங்காநல்லூர் பக்கம் இருக்கிற இந்தக் கடைக்குப் போனேன். போர்டு கிடையாது. ஒரு வேப்பமரம், தகரக் கூரை, சார்ஜில் வரிசையாக நாலு பேட்டரி. அறுபதைத் தாண்டிய ஒருவர், உதவிக்கு ஒரு பையன். நான் போனபோது ஒரு அம்பாசடரின் டேஷ்போர்டுக்குள் தலையை விட்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார். இது முதல் குறை. போன் போட்டாலும் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும்.

வந்ததும் பானட்டைத் திறக்கவில்லை.

"எப்ப இருந்துங்க அம்மிணி இப்படி?"

"ஜனவரியிலிருந்துங்ண்ணா."

"அதுக்கு முன்னாடி கடைசியா வண்டில என்ன வேலை பாத்தீங்க?"

யோசித்துப் பார்த்தேன். பொங்கலுக்கு முன்னால் டைனமோவில் பேரிங் சத்தம் வந்து, கொடுத்துச் சரிசெய்து வாங்கியிருந்தேன். அதைச் சொன்னதும் "சரி, அதையும் பாப்போம்" என்றார். இந்த ஒரு கேள்வியை எட்டு மாசத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் ரெண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

பிறகு செய்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அந்த முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டினார். சாவி ஆஃப். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரியுமே, அதனால் கதவு சுவிட்சை அழுத்தி டேப் ஒட்டினார். எங்கேயும் கரண்ட் போகவில்லை என்றால் பல்பு எரியக்கூடாது. வெயிலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "கையைக் குவிச்சுப் பாருங்க" என்றார். பார்த்தால், கம்பி மட்டும் அணையப்போகிற ஊதுவத்தி மாதிரி மங்கலாகச் சிவந்திருந்தது.

எடுத்த எடுப்பில் மீட்டரை வைக்காமல் ஏன் பல்பு என்று கேட்டேன். மீட்டரை நடுவில் மாட்டியிருக்கும்போது யாராவது மறந்துபோய் சாவியைத் திருப்பினால் அதன் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடுமாம். பல்புக்கு ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகுதான் மீட்டர் வைத்தார்: 0.62 ஆம்பியர். விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "ஒரு நாளைக்குப் பதினஞ்சு ஆம்பியர்-அவர் போகுதுங்க. உங்க பேட்டரியே முப்பத்தஞ்சு. ஞாயித்துக்கிழமை காலைல பன்னெண்டு ஆம்பியர்-அவர் கூட மிஞ்சாது, அப்புறம் செல்ஃப் எப்படி எடுக்கும்?" இந்த வண்டியில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீரியோவின் கடிகாரத்தைத் தவிர யாருக்கும் கரண்ட் வேண்டியதில்லை.

மறுபடி பல்பை மாட்டி, என்னை அதற்குக் காவல் வைத்துவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "அணைஞ்சுதா?" "இல்லைங்ண்ணா." "இப்ப?" "இல்லைங்." எல்லா ஃபியூஸும் வெளியே வந்துவிட்டது, சிவப்பு அப்படியே இருக்கிறது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது, அவருக்கோ முகம் தெளிந்தது. ஃபியூஸ் வழியாகப் போகாத கரண்ட் என்றால் மிச்சம் ரெண்டே ஆள்: செல்ஃப் மோட்டார், டைனமோ. டைனமோவின் முதுகில் இருக்கிற தடித்த ஒயரின் நட்டைக் கழற்றினார். பல்பு நடுவில் இருப்பதால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பல்புதான் எரியும், பொறி பறக்காது. ஒயர் விலகியதும் சிவப்பு அணைந்தது.

டையோடு கசிவு. டைனமோவிலிருந்து பேட்டரிப் பக்கம் மட்டும் கரண்ட்டை விட்டு, திரும்பி வரவிடாமல் தடுக்கிற பாகம்தான் டையோடு. ஜனவரியில் பேரிங்கோடு சேர்த்து டையோடு பிளேட்டையும் மாற்றியிருக்கிறார்கள், மட்டமான சரக்கு. ஓடும்போது ஒழுங்காக சார்ஜ் பண்ணும், அதனால்தான் அந்த 13.9. நின்ற பிறகு, அது கொடுத்ததை அதுவே திருப்பிக் குடிக்கும். சரி பண்ணக் கொடுத்த இடத்திலிருந்தே வியாதியை வாங்கி வந்திருக்கிறேன். அந்தக் கடையில் இதைச் சொன்னபோது "எட்டு மாசம் கழிச்சு வந்து சொன்னா எப்படிங்க?" என்றார்கள். அது தனிக் கதை.

கூடவே இன்னொன்றும் கண்டுபிடித்தார். பிரேக்கை மிதித்தால் வலது பக்கப் பின் இண்டிகேட்டரும் லேசாக எரியும். பல வருஷப் பழக்கம், நான் கண்டுகொள்வதே இல்லை. எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்புகிற இணைப்பு, சரியில்லாததால் பிரேக் லைட்டின் கரண்ட் பக்கத்து பல்புக்குள் புகுந்து வழி தேடுகிறது என்றார். மீட்டரின் ஒரு முனையை பல்பு ஹோல்டரின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து என்னை பிரேக்கை மிதிக்கச் சொன்னார். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 1.8 வோல்ட். டிக்கிக்குள் எர்த் ஒயரைப் பாடியில் பிடித்திருக்கும் லக் பச்சை பூத்துக் கிடந்தது. எமரி பேப்பரால் பாடியைத் தேய்த்து, புது லக் அடித்து, வாசலின் தடவி இறுக்கினார். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

புது டையோடு பிளேட் 700, கூலி 500. பிளேட்டைக் கையில் கொடுத்து, மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு டையோடையும் மீட்டரில் வைத்துக் காட்டினார். மாட்டிய பிறகு பழையபடி அளந்தார்: 0.02. ஸ்டீரியோவையும் திரும்பக் கொடுத்துவிட்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். ஒயர் ஜாயிண்ட்டுகளுக்கு இன்னும் கருப்பு டேப்தான் சுற்றுகிறார். நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு வருஷத்தில் பிசின் உருகி அவிழ்ந்துவிடும், ஸ்லீவ் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஒரு ஃபியூஸ் இடத்தில் என்ன இருந்தது என்று என்னிடம் காட்டித் திட்டியதும் நியாயம்தான். யாரோ 15 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 30 சொருகியிருந்தார்கள். ஆனால் ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி திட்டியிருக்க வேண்டாம். புது மாடல் வண்டிகளை அவர் தொடுவதில்லை. "அதுக்கு ஸ்கேனர் வச்சிருக்கிற கடைக்குப் போயிருங்க" என்று அனுப்பிவிடுகிறார்.

பெரிய குறை பீடி. சார்ஜில் இருக்கிற பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பதுதான். அதையே அவரிடமும் சொன்னேன். "கரெக்டுங்க அம்மிணி" என்று மரத்தடி வரை போய் முடித்துவிட்டு வந்தார். வந்து, பேட்டரி மூடியைத் திறந்துகொண்டே அடுத்ததுக்குத் தீப்பெட்டியைத் தேடினார்.