குரல் போன பிறகு கைக்கு வந்த தம்புரு

நான்கு வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போனது, கூடவே பாட்டும் போனது. பேச்சு வரும், மேல் ஸ்தாயி மட்டும் எட்டவே எட்டாது. குரல்நாணுக்குப் போகிற நரம்புகள் தைராய்டை ஒட்டித்தான் ஓடுகின்றன, அதில் கொஞ்சம் அடிபட்டால்கூட இப்படி ஆகலாம் என்று மருத்துவர் விளக்கினார். 22 வருஷம் சபைப் பாடகர் குழுவில் சோப்ரானோ, அதாவது பெண்குரலின் உச்சப் பகுதி, பாடியவள் நான். ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டைத் தொடங்கியதும் பழக்கதோஷத்தில் வாயைத் திறப்பேன், காற்றுதான் வரும். நெஞ்சு நிறைய சந்தோஷம் இருக்கிறது, அதை வெளியே விட வழி இல்லை. அப்படியே ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் டம்பரின் வாங்கினேன், சட்டத்தில் சின்ன உலோகத் தகடுகள் கோத்த கைவாத்தியம்.

வேதத்தில், அதாவது தமிழ் பைபிளில், இதற்குப் பெயர் தம்புரு. சபையில் கேட்டால் டம்பரின் என்பார்கள். இந்த மூன்று வருஷத்தில் இரண்டு வாங்கியாயிற்று. முதலாவது எனக்கு ஒத்து வரவில்லை. இரண்டாவதைக் கீழே வைக்க மனசு வரவில்லை. ஆராதனைக்கு ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது பிறை வடிவத்தில் இருந்த பிளாஸ்டிக் டம்பரின். தோல் கிடையாது, இரண்டு வரிசையாக எஃகுத் தகடுகள். மேடையில் டிரம்ஸ், கிட்டார் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்றால் அது அருமையான கருவி. ஆனால் எங்கள் சபைக் கூடம் சின்னது, நாலு பக்கமும் வெறும் சுவர். எவ்வளவு மெதுவாக அசைத்தாலும் அந்தத் தகடுகள் 'சல்' என்று எகிறும். காதுக் கருவி போட்டிருந்த ஒரு பெரியவர் இரண்டாவது பாட்டிலேயே அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்கிற தம்பி ரொம்பப் பணிவாக, "அக்கா, உங்களுக்கு மைக்கே வேண்டாம். பாடுறவங்க சொல்ற வார்த்தை உங்க சத்தத்துல முங்கிடுது" என்றான். அவன் சொன்னது உண்மை. டம்பரின் சத்தமும் 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் ஓசையும் ஒலிக்கிற சுருதி உயரம் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டும் மோதினால் பாட்டின் வார்த்தைதான் தோற்கும்.

நாலாவது மாதம் ஒரு தகட்டின் ஆணி கழன்று, அதன் விளிம்பு என் ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. விற்றவர்களுக்கு இரண்டு தடவை எழுதினேன், பதிலே வரவில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது வைத்திருப்பது 10 அங்குல வட்ட மரச்சட்டம், ஒரே வரிசையில் பித்தளைத் தகடுகள், ஒரு பக்கம் செயற்கைத் தோல். வாங்குமுன் ரொம்ப யோசித்தது தோலைப் பற்றித்தான். ஆட்டுத்தோலின் ஓசைக்கு ஒரு வெதுவெதுப்பு உண்டு, மறுக்கவே மாட்டேன். ஆனால் ஈரக் காற்றில் அது தொய்ந்துவிடும், வறண்ட நாளில் விறைத்துக்கொள்ளும். விடியற்கால ஆராதனைக்கு ஒரு சத்தம், மத்தியானக் கூட்டத்துக்கு வேறு சத்தம். செயற்கைத் தோலில் அந்தத் தொல்லை இல்லை. பித்தளையும் எஃகு மாதிரிக் குத்தாது, கொஞ்சம் இருண்ட, உருண்டையான ஓசை.

எனக்கு இந்தத் தம்புருவில் ரொம்பப் பிடித்தது, அதற்கு மெதுவாகவும் பேச வரும் என்பது. இடது கையில் சட்டத்தைப் பிடித்து, வலது பெருவிரலைத் தோலின் ஓரத்தில் அழுத்தி, வட்டத்தோடு மேல்நோக்கித் தள்ள வேண்டும். விரல் சும்மா வழுக்கிப் போகக் கூடாது. பிடித்துப் பிடித்து விடுபட வேண்டும். அந்த நடுக்கம் தோலில் ஏறி, மரத்தில் பரவி, தகடுகள் எல்லாம் ஒன்றாகச் சிலிர்க்கும். மரத்தில் மழை தொடங்குகிற மாதிரி ஒரு ஓசை. இது கைவர எனக்கு மூன்று வாரம் ஆனது. ஓரத்தில் கொஞ்சம் தேன்மெழுகு தடவியதும் பாதி வேலை சுலபமானது. அது முதன்முதலாகச் சரியாக வந்த ராத்திரி சமையலறையில் தனியாக நின்று அழுதேன். குரல் இருந்த காலத்தில், ஒரு பாட்டை மெல்லத் தொடங்கி ஏற்றிக்கொண்டு போவதில்தான் எனக்குச் சந்தோஷமே. அது திரும்பக் கிடைத்தது.

இதை வாங்கிய பிறகு வேதத்தில் தம்புரு வருகிற இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்ததும் மோசேயின் அக்கா மிரியாம் கையில் தம்புரு எடுக்கிறாள், மற்ற ஸ்திரீகள் தம்புருகளோடும் நடனத்தோடும் அவள் பின்னால் போகிறார்கள். போரில் வென்று திரும்பிய சவுலையும் தாவீதையும் வரவேற்க வந்த பெண்கள் கையிலும் அதுதான். 68-ஆம் சங்கீதத்தின் ஊர்வலத்தில் தம்புரு வாசிக்கிறவர்கள் கன்னிகைகள். மற்றவர்களும் வாசித்திருக்கிறார்கள், ஆனாலும் திரும்பத் திரும்ப இது பெண்களின் கையில்தான் வருகிறது. எபிரெயத்தில் அதற்குப் பெயர் தோஃப். சட்டத்தில் தோல் கட்டிய கைப்பறை அது, தகடு இருந்திருக்காது என்றுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். அதைப் படித்த பிறகு, தோல் இல்லாத டம்பரினில் எனக்கு என்ன குறைந்தது என்று விளங்கிற்று. தம்புருவின் உயிர் தோலில் இருக்கிறது.

ஜெயித்துத் திரும்பினால் தன் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்துகொண்ட யெப்தாவின் மகளும் தம்புருவோடுதான் அப்பாவை எதிர்கொண்டு வந்தாள். அந்த அதிகாரத்தைப் படித்த அன்றைக்கு என்னால் வாசிக்க முடியவில்லை.

ஆராதனையில் எப்படிப் பயன்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இரட்சணிய சேனை (Salvation Army) என்ற கிறிஸ்தவ அமைப்பினர் 1880-களிலேயே இதைத் தெருக்கூட்டங்களுக்கு எடுத்துப் போனார்கள், குழுவாக அணிவகுத்து வாசிப்பார்கள். எங்கள் சபையில் நான் ஒருத்திதான். சந்தோஷம் பொங்கினால் சபையார் கைதட்டுவார்கள், தட்டத் தட்ட வேகம் ஏறும். மூன்றாவது சரணத்தில் பாடகர்களுக்கு மூச்சு வாங்கும். நான் நாலு தாளத்தில் இரண்டாவதிலும் நாலாவதிலும் மட்டும் தோலைத் தட்டிக்கொண்டு இருப்பேன், அவ்வளவுதான். எல்லார் கையும் தானாக அதில் வந்து சேர்ந்துவிடும். சந்தோஷம் குறையாது, ஓட்டம் மட்டும் நிதானப்படும். அன்பில்லாத பேச்சை ஓசையிடுகிற கைத்தாளத்துக்கு ஒப்பிட்ட அப்போஸ்தலன் பவுலின் வசனம் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் இருக்கும். பக்கத்தில் ஒருவர் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தால் நான் தம்புருவை மடியில் வைத்துவிடுவேன்.

எங்கள் சபையில் காது கேளாத ஒரு சகோதரி இருக்கிறார். பாட்டு நேரத்தில் மற்றவர்களுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் ஆராதனை முடிந்ததும் என் கையைச் சுட்டிக் காட்டினார். அவருடைய உள்ளங்கையை எடுத்துத் தோலின் மேல் விரித்து வைத்தேன். சட்டத்துக்கு அடியில் கையை விட்டு, உள்பக்கத்திலிருந்து விரல் நுனியால் தட்டினேன். முதலில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு தானாகத் திரும்ப வைத்தார். நான் தாளத்தை மாற்ற மாற்ற அவர் புருவம் ஏறி இறங்கியது. அடுத்த வாரத்திலிருந்து என் பக்கத்து இருக்கை அவருடையது. வேகமான பாட்டு வந்தால் சட்டத்தின் ஓரத்தில் இரண்டு விரலை ஒட்டி வைத்துக்கொள்வார், இன்னொரு கையால் தன் தொடையில் தட்டுவார். சபையிலேயே தாளம் பிசகாமல் தட்டுகிறவர் அவர்தான். தோலில்லாத அந்தப் பழைய பிறையில் இதற்கு வழியே இல்லை.

துக்கத்துக்கும் ஒருமுறை இதை எடுத்துப் போனேன். எனக்குப் பக்கத்தில் நின்று ஆல்ட்டோ, அதாவது பெண்குரலின் கீழ்ப் பகுதி, பாடிய தோழி இறந்துபோனார். அவருடைய கணவர், "அவளுக்குப் பிடிச்ச பாட்டுக்கு நீங்க வாசிக்கணும், அவ அதைக் கேட்டுக்கிட்டே இருப்பா" என்றார். அடக்க ஆராதனையில் டம்பரினா என்று எனக்கே தயக்கம். முதல் மூன்று சரணமும் கையை அசைக்கவில்லை. உயிர்த்தெழுதலைப் பற்றிய கடைசிச் சரணத்தில் பெருவிரலை மட்டும் நகர்த்தினேன். சந்தோஷமாயிருங்கள் என்று பவுல் எழுதியது காவலில் இருந்துகொண்டுதானே. அந்த ஓசை அந்த அறைக்குச் சரியாக இருந்தது. முடிந்ததும் அவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

குறைகளும் உண்டு. மரச்சட்டம் கனமானது. முதல் இரண்டு மாதம் மணிக்கட்டில் நல்ல வலி. இப்போதும் தொடர்ந்து மூன்று வேகப் பாட்டு வந்தால் நடுவில் ஒன்றை விட்டுவிடுகிறேன். கை மெலிந்தவர்கள் 8 அங்குலம் பார்ப்பது நல்லது. பித்தளை வியர்வையில் சீக்கிரம் கருக்கிறது, வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். பையில் போட்டு எடுத்துப் போனால் நடக்க நடக்கச் சத்தம் போடும். ஜெப நேரத்தில் தாமதமாக உள்ளே நுழைந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஒரு பழைய கம்பளித் துண்டைச் சுற்றிக் கட்டி எடுத்துப் போகிறேன். தோலைத் திருகி இறுக்கும் வசதி என்னுடையதில் இல்லை, ஆணி அடித்துப் பொருத்தியது. கிழிந்தால் மாற்றுவது சிரமம். சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். அவர்களுக்கு இலேசான பிளாஸ்டிக் வளையமே போதும், அதில் விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், பலமாகக் குலுக்கிப் பார்க்காதீர்கள், அதில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். காதுக்குப் பக்கத்தில் பிடித்து, தண்ணீர்க் குவளையைச் சாய்ப்பது போல மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தகடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுகிற ஓசை கேட்க வேண்டும். எல்லாம் ஒரே மொத்தமாகக் கொட்டினால் அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.