ஒட்டகப் பண்ணை வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு, வவுனியா

மருமகன் சவுதிக்கு ஒட்டகம் பராமரிக்கும் வேலைக்குப் போகிறான். வவுனியாவில் ஒரு ஏஜென்சி நடத்திய ஆயத்த வகுப்புக்கு அவனோடு நானும் போனேன். வகுப்பெடுத்த மிருக வைத்தியருக்காகவே இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

ஒட்டகத்திலிருந்து மனிதருக்குத் தொற்றி மூச்சு வருத்தம் தரும், 2012இல் கண்டறியப்பட்ட மெர்ஸ் கொரோனா வைரஸ் பற்றி அவர் சொன்னவை மிகவும் பெறுமதியானவை. தொற்றிய ஒட்டகம் நோயாளி மாதிரியே தெரியாது. மிஞ்சினால் கொஞ்சம் மூக்குச்சளி. இரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது முன்பு தொற்றியதன் அடையாளம், அதிகம் காணப்படுவது வளர்ந்தவற்றில். ஆனால் வைரஸைக் கூடுதலாக வெளிவிடுவது இரண்டு வயதுக்குட்பட்ட கன்றுகள். சந்தையில் பல மந்தைகள் கலப்பதும், வெளியிலிருந்து வாங்கியதை உடனே பட்டியில் சேர்ப்பதும் ஆபத்தைக் கூட்டும். கால்-வாய் நோய்க் காலத்தில் புது மாட்டை ஒதுக்கிக் கட்டுவோமே, அதே கணக்குத்தான் என்றார். எல்லோருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது.

காய்ச்சாத பால் குடிக்கவே கூடாது, ஒட்டகத்தைத் தொட்டால் கை கழுவ வேண்டும். நீரிழிவு, சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இந்நோய் கடுமையாகலாம் என்றதும் பின்வரிசையில் ஒருவர் தனக்குச் சலரோகம் என்றார். வைத்தியர் அவரோடு தனியாக நெடுநேரம் பேசினார்.

குறை, கையேடு ஆங்கிலத்தில் மட்டும். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பெடியன்கள் அதை வைத்து என்ன செய்வார்கள்? காசு வாங்குகிறவர்கள் தமிழில் அச்சடித்துத் தரத்தான் வேண்டும். அப்புறம், கையுறையும் முகக்கவசமும் யார் தருவது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். மருமகனின் ஒப்பந்தத்தில் அது இல்லை. எழுதித் தரச் சொல்லியிருக்கிறோம்.