டிபி-லிங்க் எட்டு போர்ட் சுவிட்ச்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

எங்கள் வீட்டு ஃபைபர் ரூட்டரில் லேன் போர்ட் (நெட் வயர் சொருகும் துளை) நான்குதான். டிவி, கேமரா பெட்டி, மாடி வைஃபை, என் ஆபீஸ் லேப்டாப் என்று நான்கும் நிரம்பிவிட்டன. மகளுக்கு ஆன்லைன் தேர்வு வந்தால் டிவி வயரைக் கழற்றி அவளுடையதைச் சொருகுவோம். கழற்றி மாட்டியே பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்து, தேர்வு நடுவில் வயர் நழுவி விழுந்தது. அன்று மாலையே, ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கித் தரும் சுவிட்சான டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108 வாங்கி வந்தேன்.

கையடக்கமான உலோகப் பெட்டி. உள்ளே ஃபேன் கிடையாது, அதனால் சத்தமே இல்லை. செட்டிங் எதுவும் போட வேண்டாம். ரூட்டரிலிருந்து ஒரு வயரை எந்தப் போர்ட்டில் சொருகினாலும் சரி, மீதி ஏழும் நமக்கு. கடையில் விலை குறைவான டிஎல்-எஸ்எஃப்1008டி-யையும் காட்டினார்கள். அதிலும் எட்டு போர்ட்தான், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. எங்கள் இணைப்பே 200. அதை வாங்காதீர்கள்.

ஆனால் முதல் நாள் லேப்டாப்பில் வேகம் 94-தான் வந்தது. போர்ட் மாற்றிப் பார்த்தேன், அதே 94. அப்புறம்தான் வயரைச் சந்தேகித்தேன். சுவரில் வயர் இழுத்தவர் அடித்த பிளக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்புக் கம்பி மட்டும் பின்னைத் தொடாமல் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே நின்றிருந்தது. 100 வேகத்துக்கு நான்கு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் சேர வேண்டும். அந்த நான்கில் சேராத பழுப்பு மாதிரி ஒரு கம்பி விட்டுப்போனாலும் நெட் வரும், வேகம் மட்டும் இறங்கிவிடும். அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. பிளக்கை வெட்டி, வெள்ளை-ஆரஞ்சில் தொடங்கிப் பழுப்பில் முடியும் வரிசையில் எட்டையும் அடுக்கிப் புதிதாக அடித்ததும் 196 வந்தது. சுவிட்ச் வாங்குவோர் முதலில் சுவருக்குள் இருக்கும் வயரைச் சோதியுங்கள்.

குறையும் உண்டு. இதில் பிஓஇ, அதாவது நெட் வயரிலேயே கரண்டும் அனுப்பும் வசதி, இல்லை. மாடி வைஃபைக்கும் கேமராவுக்கும் தனித்தனி அடாப்டர் வைக்கத்தான் வேண்டும். யுபிஎஸ்ஸில் சுவிட்சின் அடாப்டருக்கும் இடம் ஒதுக்குங்கள். ரூட்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்ததால் கரண்ட் போனதும் மகளின் வகுப்பு நின்றது.

இன்னொன்று: ஒரே வயரின் இரண்டு முனையையும் இதிலேயே சொருகிவிடக் கூடாது. அலமாரியைத் துடைத்தபோது மாமனார் தொங்கிய முனையைக் காலிப் போர்ட்டில் மாட்டிவிட்டார். மொத்த வீட்டுக்கும் நெட் போய், சுவிட்சில் எல்லா விளக்கும் ஒன்றாகத் துடித்தன. இப்போது காலிப் போர்ட் இரண்டிலும் டேப் ஒட்டியிருக்கிறேன்.