ஈரோடு–கரூர்: பாசஞ்சர் ரயிலா, பஸ்ஸா?

காவிரிக்கரை ஊர்களைப் பார்க்கத்தான் கிளம்புகிறீர்கள் என்றால், கொடுமுடி வரை ரயில், அதற்கப்புறம் பஸ். எங்கள் கணக்கு இதுதான்.

1868-இல் ஈரோட்டைத் தொட்ட இந்தத் தடம் பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி, புகளூர் வழியாகக் கரூர் போகிறது. மொத்தம் சுமார் 65 கி.மீ. பாசஞ்சர் எல்லா ஊரிலும் நிற்கும். எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டு ஊஞ்சலூரில் இறங்க நினைக்காதீர்கள். தடம் ஒற்றை என்பதால் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்க வேண்டிவரும். வண்டிகளும் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம். திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.

கொடுமுடியில் ஸ்டேஷனிலிருந்து மகுடேசுவரர் கோயிலுக்கு நடந்தே போகலாம். தெற்கே வந்த காவிரி கிழக்கே திரும்பும் இடம் இது. சிவன், பெருமாள், பிரம்மா மூவருக்கும் ஒரே வளாகத்தில் சன்னதி. பிரம்மா இருப்பது வன்னி மரத்தடியில். சுந்தரரின் நமச்சிவாயப் பதிகம் பிறந்த தலமும் இதுவே. ஆடி 18 அன்று மட்டும் பஸ்ஸை மறந்துவிடுங்கள், ரோடு நகராது.

புகளூரில் கதை வேறு. பார்க்க வேண்டிய ஆறுநாட்டார் மலை வேலாயுதம்பாளையத்தில் இருக்கிறது, அங்கே பஸ்தான் வசதி. சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய குகைப் படுக்கைகளின் மேல் தமிழ்பிராமிக் (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டு: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோ, அவர் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரர் பெயர். எழுத்து மங்கல், சாய்வெயில் விழும்போதுதான் வெட்டு தெரியும், உச்சிவேளையில் வெறும் பாறைதான்.