கேள்வித்தாளுக்கே கொடுக்கலாம் கட்டணம்: ஓர் உயில் தயாரிப்புச் சேவையின் மதிப்புரை

உயிலும் அதனோடு சேர்ந்த பத்திரங்களும் தயாரித்துத் தரும் இணையச் சேவை ஒன்றை நானும் என் மனைவியும் அண்மையில் பயன்படுத்தினோம். நாம் எழுதும் பதில்களை ஒரு வழக்கறிஞர் படித்து, தொலைபேசியில் ஒருமுறை பேசி, உயில், நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு உரிமை தரும் அதிகாரப் பத்திரம், நாம் பேச முடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் மருத்துவ விருப்ப ஆவணம் ஆகிய மூன்றையும் அச்சிட்டு அனுப்புகிறார்.

அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று உட்கார்ந்த எங்களை அந்தக் கேள்வித்தாள் மூன்று மாலைகள் விடவில்லை. யாருக்கு எதைக் கொடுக்கிறீர்கள் என்பதோடு நிற்காமல், ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் 'அவர் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால்?' என்று கேட்டது. உயிலை நிறைவேற்றுபவராக என் அண்ணனை எழுதியிருந்தேன்; அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர் என்பது அந்தக் கேள்வி வரும்வரை எனக்கு உறைக்கவேயில்லை. பிள்ளைகளுக்குக் காப்பாளராக யாரைச் சொல்வது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. வளர்ப்பவரும் பணத்தை நிர்வகிப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை என்று வழக்கறிஞர் சொன்ன பிறகே அந்த வழக்கு எங்கள் வீட்டில் தீர்ந்தது. பெயர் குறிப்பிட மறந்த கணக்கும், உயில் எழுதிய பிறகு வாங்கும் சொத்தும் யாருக்குச் சேரும் என்பதைச் சொல்லும் 'எஞ்சிய சொத்து' பிரிவையும் அவரே சேர்த்தார். அது இல்லாவிட்டால், உயில் இருந்தும் அந்தப் பகுதி மட்டும் உயிலில்லாச் சொத்தாகி, வாரிசுச் சட்டப்படியே பங்கிடப்படும்.

அதிகாரப் பத்திரம் பற்றி எனக்கிருந்த தவறான எண்ணமும் அந்தத் தொலைபேசி உரையாடலில்தான் உடைந்தது. என் காலத்துக்குப் பிறகு மனைவி அதை வைத்து வங்கி வேலைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தேன். கொடுத்தவரின் இறப்போடு அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. சுயமாக முடிவெடுக்கும் திறனை இழந்த பிறகும் அது செல்லுபடியாக வேண்டுமானால், பல நாடுகளில் அதற்கென்று தனியாக எழுதியிருக்க வேண்டும். எங்கள் பத்திரத்தில் அந்த வாசகம் இருந்தது.

மின்னணுக் கணக்குகளுக்கு இந்தச் சேவை ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறது. ஆகவே அதை நாங்களே செய்துகொண்டோம். கணக்கு 3 முதல் 18 மாதங்கள் வரை பயன்பாடின்றிக் கிடந்தால் நாம் குறித்துவைத்த 10 பேர் வரைக்கும் தெரிவிக்கும் ஏற்பாட்டைக் கூகுள் தருகிறது. ஆப்பிளில், நம் இறப்புக்குப் பின் கணக்கைத் திறந்து பார்க்க 5 பேர் வரை நியமிக்கலாம். அவர்கள் நாம் கொடுத்த திறவுக்குறியையும் இறப்புச் சான்றிதழையும் காட்ட வேண்டும். கடவுச்சொற்களை உயிலிலேயே எழுதிவிடலாமே என்று தோன்றும். நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உயில் பல இடங்களில் எவரும் பார்க்கக்கூடிய ஆவணமாகிவிடுகிறது என்பதால், அது கூடாது.

என் பெரிய குறை கையெழுத்துப் பற்றியது. அழகாகக் கட்டப்பட்டு வந்த உயிலோடு, சாட்சிகள் குறித்த அறிவுரை ஒரு துண்டுச் சீட்டில், உறையின் அடியில் கிடந்தது. அதைப் பார்க்காமல், உயிலில் பங்கு பெறும் என் தங்கையையே சாட்சியாகக் கையெழுத்திட உட்காரவைத்துவிட்டேன். பேனாவைத் திறந்த பிறகு மனைவிதான் தடுத்தாள். இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டு உயில் சட்டத்தின்படி, சாட்சிக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் எழுதிய பங்கு செல்லாது. உயிலின் மற்றப் பகுதிகள் செல்லும். இதையொத்த விதி வேறு பல நாடுகளிலும் உண்டு. எழுதியதன் பலனையே கெடுக்கக்கூடிய செய்தியை முதல் பக்கத்தில் அச்சிடாமல் விட்டதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. இதைப் பற்றி எழுதிக் கேட்டேன். நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான்.

ஒரு குடும்பம், ஒரு நாடு, சிக்கலில்லாத சொத்து என்றிருப்பவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் சொல்வேன். கூட்டுத்தொழில் நடத்துபவர்களும், வெளிநாட்டில் சொத்துள்ளவர்களும், வாழ்நாள் முழுவதும் பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையைப் பெற்றவர்களும் நேரே வழக்கறிஞரிடம் செல்வதே நல்லது. ஒருவருக்காகச் சொத்தை வேறொருவர் நிர்வகிக்கும் அறக்கட்டளை ஏற்பாடு போன்றவற்றுக்கு இந்தக் கேள்வித்தாளில் இடமில்லை. வாங்குபவர்கள் உறையை முழுவதும் கொட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நகல் எடுப்பதற்காக ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றாதீர்கள். அந்தப் பின் குத்திய துளைகள், ஏதோ ஒரு தாள் நீக்கப்பட்டதோ என்ற ஐயத்தைப் பிற்காலத்தில் எழுப்பும்.